கையாளும் கம்பியாளும்

தேனியிலிருந்து போடி போகும் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையின் ஷட்டரில் பெயின்டால் எழுதிய அறிவிப்பு ஒன்று நெடுநாளாக இருக்கிறது. மூன்று வரி. ‘வெல்டர் தேவை. ஹெல்பர் தேவை. வேலை பழக விரும்பும் பையன்கள் தேவை.’ முதல் வரிக்குப் பக்கத்தில் நாள் சம்பளம் போட்டிருக்கிறது. இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் அதில் பாதி. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் வெறும் தகரம்தான். எத்தனை மாதம் பழக வேண்டும், பழகும்போது கைக்கு என்ன வரும், பழகி முடித்தால் என்ன பேர் கிடைக்கும், எதுவுமே இல்லை.

அந்தப் பட்டறைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் சொல்வது கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற பேச்சுதான். “இந்தக் காலத்துப் பயலுகளுக்குப் பொறுமை இல்லைங்க. நாங்கல்லாம் அடி வாங்கித் தொழில் பழகினோம். இவனுக மூணாம் மாசமே சம்பளம் கேக்குறானுக. தொழிலக் கத்துக் குடுக்குறதே பெரிசில்லையா?” சின்னமனூரில் வீடு கட்டுகிறவர் சொல்கிறார், உத்தமபாளையத்து லேத் பட்டறையில் சொல்கிறார்கள், பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்கிறார். உள்ளூர்ப் பையன் நிற்கமாட்டேன் என்கிறான், அதனால்தான் வடக்கிலிருந்து ஆள் வருகிறது என்று அதோடு சேர்த்தும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சின் பின்னாலேயே இன்னொன்று வரும்: “ஹெல்பர்னா என்ன, அப்ரண்டிஸ்னா என்ன, டிரெய்னினா என்ன? பேர்ல என்ன இருக்கு? கையில தொழில் இருந்தாச் சரி.”

இரண்டும் தவறு என்கிறேன். பேரில் என்ன இருக்கிறது என்று நாம் விட்டுவிட்டதால்தான் பையன்கள் நிற்காமல் போகிறார்கள்.

இது கேள்வி ஞானத்தில் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் கம்பத்தில் வயரிங் வேலை பார்த்த ஓர் அண்ணனிடம் கையாளாகப் போனேன். முதல் இரண்டு வருடம் காடி வெட்டினேன். சுவரில் கயிறு அடித்த கோட்டின்மேல் உளியை வைத்து, முக்கால் இஞ்ச் பைப் உள்ளே உட்காரும் ஆழத்துக்குச் செங்கல்லைச் சிதறாமல் கொத்த வேண்டும். சாயங்காலம் எச்சில் துப்பினால் சிவப்பாக வரும், செங்கல் தூசு. பைப்பைப் பதித்து, ஆணியடித்துக் கம்பி கட்டி, சிமென்ட் பூசுவேன். ஒயர் இழுக்க ஸ்பிரிங் விடுவேன். எல்லாம் முடிந்து, வீடு முழுக்கக் கரண்ட்டைப் பிரித்துவிடும் டிபி பாக்ஸில் இணைப்புக் கொடுக்கும் நேரம் வரும். அப்போது அண்ணன் சொல்வார்: “தம்பி, போயி டீ வாங்கிட்டு வா.” நான் தூக்குப்போணியோடு திரும்பும்போது அவர் மூடியைப் பொருத்தி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில் நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டு வருடமும் எல்லா வீட்டிலும் டிபி பாக்ஸ் திறந்தபோதெல்லாம் எனக்கு டீக்கடைக்குப் போகும் வேலை வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார், எங்கள் வீட்டுக் காரியங்களில் முன்னால் நின்றார். அவருடைய மேஸ்திரியும் அவரை டீ வாங்கத்தான் அனுப்பியிருக்கிறார். கற்றுக்கொடுத்தால் எதிர்த்த தெருவிலேயே நாளைக்குப் போர்டு மாட்டிவிடுவான் என்ற பயம் அவருக்கு. என்னோடு சேர்ந்து காடி வெட்டிய இருவரில் ஒருவன் எட்டாம் மாதம் திருப்பூருக்குப் போனான், இன்னொருவன் அதற்கு முன்பே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கினான். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்றார் அண்ணன். நானும் வெகுகாலம் அப்படியே நம்பினேன். இப்போது யோசித்தால், அவர்கள் இருவரும்தான் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று படுகிறது. முடிவுத் தேதி இல்லாத ஒன்றுக்காக எவ்வளவு காலம் பொறுத்திருப்பது?

தொழில் பழகுவது என்பதற்குச் சட்டத்தில் ஒரு பொருள் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் சொல்வது இதுதான்: எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதன்படி பயிற்சி பெறுகிறவர்தான் தொழிற்பழகுநர். வயது 14 நிறைந்திருக்க வேண்டும், ஆபத்தான தொழில் என்றால் 18. வயது வராத பிள்ளை என்றால் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சிக்குக் கால அளவு உண்டு. மாதாமாதம் உதவித்தொகை உண்டு, அதைப் பீஸ் கணக்கில் கொடுக்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. முடிவில் தேர்வு, அதன்பின் தேசியச் சான்றிதழ். 2019-இல் திருத்திய விதிகள், ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு 7,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகையை வைத்தன. காலம், காசு, காகிதம் மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஷட்டரில் எழுதிய ‘வேலை பழக’ என்பதில் மூன்றும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிறவர் வாடகைப் பத்திரத்தையும் வாய்ச்சொல்லையும் ஒன்று என்பாரா?

ஹெல்பர் என்பவர் தொழிலாளி. அவருக்குக் கூலி உண்டு, கற்றுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தொழிற்பழகுநருக்குக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அவரைத் தொழிலாளர் அல்ல என்கிறது. டிரெய்னி என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வழுக்குச் சொல். நிறுவனம் என்ன பொருள் சொல்கிறதோ அதுதான் அதன் பொருள். கையாள் என்ற நம்மூர்ச் சொல்லுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இன்னொருவருடைய கைக்கு ஆள், அவ்வளவுதான். ஒரு பையனுக்கு இதில் எந்தச் சொல் விழுகிறது என்பதை வைத்துத்தான் அவனுடைய மூன்று வருடம் சான்றிதழாகுமா, செங்கல் தூசாகப் போகுமா என்பது முடிவாகிறது.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எல்லாரும் அறியாமல் கேட்கவில்லை. பேரில் என்ன இருக்கிறது என்று முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தை மறந்துவிட்டோமா? தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வயதுப் பெண்களைக் கூட்டிப்போய் விடுதியில் வைத்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். அந்த மூன்று வருடமும் பெரும்பாலும் அவர்கள் பதிவேட்டில் அப்ரண்டிஸ். அறுந்த இழையைச் சேர்க்கக் கை பழகுவதற்குச் சில மாதம் போதும். அதற்கு மூன்று வருடப் பயிற்சி எதற்கு? பயிற்சி என்று எழுதினால் தொழிலாளிக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டாம், வேலையை நிரந்தரமாக்க வேண்டாம். இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்த மொத்தத் தொகையும் கிடைக்காது. 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுத் துணிக்கடைகள் திரும்பிப் பார்த்தன. நம்மூரில் அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ‘பிள்ளை மில்லுக்கு வேலை பழகப் போயிருக்கு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லை அன்றைக்கே யாராவது பிடித்து, பழகுவது எது, எப்போது முடியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

சொல்லால் ஏமாற்றுவது ஒரு வகை. சொல்லே கொடுக்காமல் விடுவது இன்னொரு வகை. கட்டிட வேலையில் கொத்தனார், நிமிந்தாள், கையாள், சித்தாள் என்று படி இருக்கிறது. கையாளாக வருகிற பையன் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடிக்கிறான், ‘தொழில் பழகுறான்’ என்று அவனைச் சொல்கிறோம். சித்தாளாக வருகிற பெண் சித்தாளாகவே வயதாகிறாள். இருபது வருடம் கலவை சுமந்தாலும் அவள் தொழில் பழகுவதாக ஒருவரும் சொல்வதில்லை. ஒருமுறை சின்னமனூரில் ஒரு வீட்டு வேலையில் சுவரில் சுவிட்சுப் பெட்டிக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தேன். கலவைச் சட்டியை இறக்கி வைத்த ஓர் அம்மா, நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மேஸ்திரி, அந்த மூலை வெளிய தள்ளுது” என்றார். மேஸ்திரி சிரித்தார். பிறகு ஏதோ தோன்றி, தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். இரண்டு நூல் தள்ளியிருந்தது. இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச். வெறும் கண்ணால் அதைப் பிடிக்க எத்தனை சுவர் பார்த்திருக்க வேண்டும்! மேஸ்திரி இரண்டு வரி கல்லைப் பிரித்துக் கட்டினார். அந்த அம்மா சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் அவருக்குச் சித்தாள் கூலிதான். இந்த ஊர்ப் பொறுமைக்கு அளவு வேண்டுமென்றால் அந்த அம்மாவை அல்லவா காட்ட வேண்டும்? பொறுமைக்குப் பலன் கிடைக்கும் என்றால் அவர் இந்நேரம் மேஸ்திரி ஆகியிருக்க வேண்டும்.

திராட்சைத் தோட்டத்திலும் இதே கதைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. பழத்துக்குப் பேர் வந்துவிட்டது. பந்தலுக்கடியில் நாள் முழுக்க அண்ணாந்தபடி, எந்தக் கொடியில் எத்தனை கண் விட்டு வெட்டுவது என்று தீர்மானிக்கிற கவாத்துக்காரருக்குப் பேர் வரவில்லை. கத்தரி தப்பினால் அந்தப் போகமே போய்விடும். கூலி நோட்டில் அவர் வெறும் ஆள்.

இங்கே எதிர்த்தரப்பில் ஒரு பெரிய வாதத்தை எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வாதமும் கடைசியில் பெரியாறு அணைக்குத்தான் போய்ச் சேரும். “அணை கட்டினவன் எந்த ஐ.டி.ஐ.யில படிச்சான்? சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து அவன் கட்டினது இன்னைக்கும் நிக்குது. எல்லாம் கண் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.” கேட்கப் பெருமையாக இருக்கும். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அந்த அணையின் தண்ணீரில்தான் நாங்கள் வளர்ந்தோம், லோயர் கேம்ப்பில், அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தைத் தாண்டும்போது கும்பிட்டுக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. ஆனால் பென்னிகுயிக் கண் பார்த்துக் கற்றவரா? இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் கணக்கும் பொறியியலும் முறையாகப் படித்து, தேறி, அதன்பின் சென்னை மாகாணப் பொறியாளர் படைக்கு வந்தவர். பிற்காலத்தில் இந்தியாவுக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கவென்றே கூப்பர்ஸ் ஹில்லில் நடந்த கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார். அணைக்குக் கணக்குப் போட்டவருக்குக் கல்லூரி, கால அளவு, தேர்வு எல்லாம் வேண்டியிருந்தது. கல் சுமந்தவருக்கும் சுண்ணாம்பு அரைத்தவருக்கும் மட்டும் கண் பார்த்தால் போதும் என்கிறோம். அணையைக் காட்டி அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துவது, அங்கே காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்துப்போன பெயர் தெரியாத தொழிலாளிகளுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

கண் பார்த்துக் கற்பது என்ற பெருமைப் பேச்சுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. யாருடைய கண், யாருடைய பட்டறையில்? ஆசாரி மகன் உளியை எடுத்துப் பார்க்கலாம், மற்ற தெருப் பையன் பட்டறை வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் நூற்றுக்கணக்கான வருடம் இருந்த ஏற்பாடு. 1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடு எதிர்த்தது, 1954-இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு தொழிலுக்கு எதிரானது என்று இன்றும் சிலர் திரித்துப் பேசுகிறார்கள். தொழில் இழிவு என்று யாரும் சொல்லவில்லை. பிறப்பை வைத்துத் தொழிலைத் திணிக்காதே என்றார்கள். 2023-இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை, 18 வயதிலேயே குடும்பத் தொழிலுக்குள் பிள்ளையைக் கட்டிப்போடும் என்று சொல்லித் தமிழ்நாடு ஏற்க மறுத்ததும், 35 வயது நிறைந்தவர்களுக்கென்று கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொண்டுவந்ததும் அதே வாதத்தின் தொடர்ச்சிதான். எனக்கு அந்த வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் குலக்கல்வியை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் அதற்கு மாற்றாக என்ன வைத்தோம்? யாரும் எந்தத் தொழிலையும் படிக்கலாம் என்று சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்களை வைத்தோம். பிறகு நாமே அவற்றைப் பத்தாவதில் மார்க் வராத பிள்ளை போகிற இடம் என்று ஒதுக்கிவிட்டோம்.

போடியிலும் ஆண்டிபட்டியிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. பொருத்துநர், மின்பணியாளர் என்றால் இரண்டு வருடம், பற்றவைப்பவர் என்றால் ஒரு வருடம், அதற்கு எட்டாம் வகுப்பு தேறினாலே போதும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்த டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டமே போட்டார்கள். இருந்தும் பிள்ளையை அங்கே சேர்க்கும் அப்பா, “வேற வழியில்லாம ஐ.டி.ஐ.யில போட்டிருக்கேன்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். பையன்களுக்குத் தொழில்மேல் மதிப்பில்லை என்று குறைப்படுகிற அதே வாய்தான் இதையும் சொல்கிறது. மதிப்பில்லாமை பிள்ளைகளிடம் பிறந்ததல்ல, நம்மிடம் கற்றது.

பட்டறைக்காரர்களின் நியாயத்தையும் நான் தள்ளவில்லை. சட்டம் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தைத்தான் பழகுநரை எடுக்கும்படி கட்டாயப்படுத்துகிறது. நாலு பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். அதற்கும் கீழே இருந்தால் சட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. தேனி மாவட்டத்தில் லேத்தோ வெல்டிங்கோ வயரிங்கோ பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர் வைத்து நடக்கிற தொழில். கரண்ட் பில், வாடகை, இரும்பு விலை என்று மாதம் ஓடுவதே பெரும்பாடு. ஒரு பையனுக்கு 5,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொடுத்து, அவன் கை தேறியதும் கோயம்புத்தூருக்குப் பறந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை பையனுடைய வருடங்களை விலையில்லாமல் எடுத்துக்கொள்வதாக இருக்க முடியாது. பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, பழகுநர்களை ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்கு மாற்றி மாற்றிப் பயிற்சி கொடுக்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. நம்மூரில் ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் இருக்கிறது. ஆயுதபூஜைக்கு வசூல் நடக்கிறது, கூலி ஏற்றும்போது எல்லாப் பட்டறையிலும் ஒரே விலைப்பட்டியல் ஒட்டுகிறார்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே, ‘பழகும் காலம் இத்தனை மாதம், மாதத் தொகை இவ்வளவு, இன்னின்ன வேலை கற்றுத்தரப்படும்’ என்று நாலு வரி சேர்க்க எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

ஜெர்மனியில் 1969-இல் தொழிற்கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது, பழகும் பையனைக் குறித்த பழைய சொல்லைச் சட்டத்தில் எடுத்துவிட்டு ‘பயிற்சி அளிக்கப்பட வேண்டியவர்’ என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். பழைய சொல்லில் கற்பது பையனின் பாடு. புதிய சொல்லில் கற்றுக்கொடுப்பது முதலாளியின் கடமை. அந்த நாட்டில் பேரில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் வேலை நடந்திருக்குமா? நம்முடைய பழகுநர் என்ற சொல்லும் எனக்குப் பிடித்த சொல்தான். பழகுதல் என்றால் பயில்வது மட்டுமல்ல, ஒருவரோடு ஒருவர் நெருங்குவதும்கூட. ஆனால் அது அரசு விளம்பரத்தில் மட்டும் வாழ்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிற்பழகுநர் பணியிடம் என்று பத்திரிகையில் வரும்போது, அது தன் பிள்ளைக்கும் உரியது என்றே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. படிப்பு எதுவும் கேட்பதில்லை. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் ஐந்து வருடச் செய்முறை அனுபவம் வேண்டும். கையாளாகவே காலம் தள்ளியவர் கம்பியாள் உதவியாளர் என்று அரசுச் சான்றோடு வெளியே வர இருக்கிற வாசல் அது. அப்படி ஒன்று இருப்பதை அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அவருக்கே தெரியாது. ஒரு மின்சாமான் கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து வருட அனுபவத்துக்குச் சான்று வேண்டுமே. நான் வேலை பார்த்த வருடங்களுக்கு எங்கேயும் ஒரு வரி எழுத்து இல்லை. சம்பளச் சீட்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. வெள்ளைத்தாளோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்:

“ஏன் தம்பி, எங்கிட்ட நீ என்னவா இருந்தன்னு எழுதுறது?”

நான் நோட்டீஸில் இருந்த சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதினார். எத்தனை வருடம் என்று கேட்டார், ஆறு முடிந்து நாலு மாதம் என்றேன். அத்தனையா என்று கேட்டுவிட்டு அதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டு முடித்து, தாளை என்னிடம் கொடுக்காமல் மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், வீட்டு டிபி பாக்ஸின் மூடியைக் கழற்றி, “வா, இங்க வந்து பாரு” என்றார்.